மைய நாளக் குழாயும் குருதித் தொற்றும்: தவிர்க்கக்கூடிய மரணங்களைத் தவிர்ப்பது எவ்வாறு?

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாட்கணக்காகக் காத்திருக்கும் உறவினர்களுக்குச் சில வேளைகளில் கூறப்படும் வாசகம் ஒன்றுண்டு. "நோய் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால், இரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது" என்பதே அதுவாகும். விபத்தில் சிக்கியவரின் காயம் ஆறி வருகின்றது, சத்திரசிகிச்சை வெற்றியளித்துள்ளது, செயற்கைச் சுவாசத்திலிருந்து விடுவிக்க இன்னும் ஓரிரு நாட்களே உள்ளன என்று அனைவரும் நம்பியிருந்த வேளையில் திடீரெனக் காய்ச்சல் ஏறி, குருதி அமுக்கம் வீழ்ந்து நோயாளி கைநழுவிப் போகின்றார். எமது மக்கள் அதனை விதியென ஏற்றுக்கொண்டு பிரேதத்தையோ ஜனாஸாவையோ பொறுப்பேற்று வீடு திரும்புகின்றனர்.

இத்தகைய மரணங்கள் யாவும் தவிர்க்கப்படக்கூடியவை என நாம் கூற முன்வரவில்லை. கடும் நோயுற்ற உடல் பல வழிகளிலும் தொற்றுக்கு ஆளாகக்கூடியது என்பதை நாம் அறிவோம். எனினும், அவற்றுள் ஒரு வகையான தொற்றைப் பெருமளவுக்குத் தடுத்து நிறுத்த முடியும் என்பது கடந்த இரு தசாப்தங்களில் ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டுள்ளது. நோயாளியின் பெரு நாளமொன்றினுள் செலுத்தப்படும் குழாயின் வழியாக ஏற்படும் குருதித் தொற்றே அதுவாகும். அதனைத் தடுப்பதற்குப் புதிய மருந்தோ விலையுயர்ந்த இயந்திரமோ தேவைப்படவில்லை. சவர்க்காரம், கிருமி நீக்கிய துணி, தோலைச் சுத்தப்படுத்தும் ஒரு திரவம், ஒரு தாள், "நிறுத்துங்கள்" என்று கூறும் உரிமை ஆகியனவே போதுமாயிருந்தன. இவற்றுள் இறுதியாகக் குறிப்பிட்டதே பெறுவதற்கு மிகக் கடினமானது என்பதையும் இக்கட்டுரையில் சுட்டிக்காட்ட விரும்புகின்றோம்.

மைய நாளக் குழாய் என்பது யாது?

சாதாரண நோயாளர் விடுதியில் சேலைன் ஏற்றுவதற்குக் கையில் பொருத்தப்படும் கனூலாவை அனைவரும் கண்டிருப்பர். தீவிர சிகிச்சைப் பிரிவில் அது மட்டும் போதுவதில்லை. வீழ்ந்துவிட்ட குருதி அமுக்கத்தை உயர்த்தும் வீரியமிக்க மருந்துகள், செறிவான பொற்றாசியக் கரைசல், வாய்வழி உண்ண இயலாதவருக்கு நாளத்தின் ஊடாக வழங்கப்படும் போஷாக்குத் திரவம் என்பன சிறிய நாளங்களைச் சிதைத்துவிடக் கூடியவை. எனவே கழுத்திலோ, காறை எலும்பின் கீழோ, தொடையின் மேற்பகுதியிலோ உள்ள பெரிய நாளமொன்றின் ஊடாக நீண்ட குழாயொன்று செலுத்தப்படுகின்றது. கழுத்தின் வழியாகவோ காறை எலும்பின் கீழாகவோ செலுத்தப்படும்போது அதன் நுனி இதயத்தை அண்மித்த பெருநாளத்தைச் சென்றடைகின்றது. இதனை வைத்தியர்கள் மைய நாளக் கதீற்றர் என்பர். விடுதியில் 'சென்ட்ரல் லைன்' என்ற பெயரே வழக்கிலுள்ளது. அவசரமாகக் குருதிச் சுத்திகரிப்புச் செய்ய வேண்டிய சிறுநீரக நோயாளருக்கும் இதையொத்த குழாயே பொருத்தப்படுகின்றது.

இதன் வரலாறு துணிச்சலுடன் தொடங்கியதாகும். 1929ஆம் ஆண்டு ஜேர்மனியின் எபர்ஸ்வால்ட் நகரில் பணியாற்றிய வேர்னர் போஸ்மன் என்ற இளம் வைத்தியர், தமது கை நாளத்தினூடாகத் தாமே ஒரு குழாயை இதயம் வரை செலுத்தி, அந்நிலையிலேயே எக்ஸ்-கதிர் அறைக்கு நடந்து சென்று படமெடுத்துக்கொண்டார். அன்று கண்டனத்துக்குள்ளான அவருக்கு 1956இல் வேறு இருவருடன் இணைந்து மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. 1953இல் சுவீடன் நாட்டு வைத்தியர் செல்டிங்கர், முதலில் ஊசியையும் பின்னர் மெல்லிய கம்பியையும் செலுத்தி, அக்கம்பியின் வழியே குழாயை நுழைக்கும் முறையை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் அம்முறையே பின்பற்றப்படுகின்றது. இக்குழாய் இன்றித் தீவிர சிகிச்சை என்ற துறையே இல்லை எனலாம்.

கிருமி நுழையும் வழிகள்

மனிதத் தோல் ஒரு கோட்டைச் சுவர். மைய நாளக் குழாய் அச்சுவரில் துளையிட்டு, வெளியுலகுக்கும் இதயத்துக்கும் இடையே ஒரு நேரடிப் பாதையைத் திறந்து வைக்கின்றது. அப்பாதையினூடாகக் கிருமிகள் நான்கு வழிகளில் உள்நுழைகின்றன. முதலாவது, குழாய் நுழையும் இடத்திலுள்ள தோலிலிருந்து குழாயின் வெளிப்புறத்தைப் பற்றிக்கொண்டு உட்செல்வது. குழாய் பொருத்தப்பட்ட முதல் நாட்களில் இதுவே பிரதான வழியாகும். இரண்டாவது, மருந்து செலுத்துவதற்காக நாளொன்றுக்குப் பல தடவைகள் திறந்து மூடப்படும் இணைப்பு வாயின் ஊடாகக் குழாயின் உட்புறமாகச் செல்வது. குழாய் நீண்ட நாட்கள் இருக்கும்போது இவ்வழி முக்கியத்துவம் பெறுகின்றது. மூன்றாவது, நுரையீரல் போன்ற வேறோர் உறுப்பிலுள்ள தொற்றிலிருந்து குருதி வழியாக வந்து குழாயில் குடியேறுவது. நான்காவது, அசுத்தமடைந்த திரவத்தின் மூலம் நேரடியாகச் செல்வது. இது அரிதாயினும் ஒரே நேரத்தில் பலரைப் பாதிக்க வல்லது.

உள்நுழைந்த கிருமி குழாயின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு தன்னைச் சுற்றிப் பசை போன்ற படலமொன்றை உருவாக்கிக் கொள்கின்றது. அப்படலத்தினுள் இருக்கும் கிருமிகளை உடலின் வெண்குருதிக் கலங்களோ நுண்ணுயிர்கொல்லி மருந்துகளோ எளிதில் அழிக்க இயலாது. ஆகையாற்றான், தொற்று உறுதியானதும் பெரும்பாலும் குழாயையே அகற்ற வேண்டியுள்ளது. தோலில் வாழும் ஸ்டபிலோகொக்கசு வகைகள், குடலில் வாழும் கிளெப்சியெல்லா போன்ற பற்றீரியாக்கள், வைத்தியசாலைச் சூழலில் நிலைத்திருக்கும் அசினெற்றோபக்டர், கன்டிடா எனப்படும் பங்கசு ஆகியன இத்தொற்றுக்குப் பொதுவான காரணிகள். பல மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற கிருமிகள் பெருகிவரும் இக்காலத்தில் தொற்றிய பின்னர் சிகிச்சையளிப்பது மேலும் கடினமாகி வருகின்றது. இத்தொற்றுக்கு உள்ளானவர்களில் நால்வருக்கு ஒருவர் வரையில் உயிரிழக்கக்கூடும் என அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2011இல் தெரிவித்திருந்தது.

இத்தொற்றின் அளவைக் குறிப்பிடுவதற்குக் 'குழாய் நாள்' என்ற அலகு பயன்படுத்தப்படுகின்றது. பத்து நோயாளருக்குப் பத்து நாட்கள் வீதம் குழாய் பொருத்தப்பட்டிருந்தால் அது நூறு குழாய் நாட்களாகும். ஆயிரம் குழாய் நாட்களுக்கு எத்தனை தொற்றுகள் ஏற்பட்டன என்பதே கணக்கு. இவ்வலகினை வாசகர்கள் நினைவிற் கொள்வது பின்வரும் விடயங்களை விளங்கிக்கொள்ள உதவும்.

ஒரு தாளும் ஐந்து கட்டளைகளும்

அமெரிக்காவின் போல்ரிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலை உலகப் புகழ் வாய்ந்தது. அங்கு சத்திரசிகிச்சைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் 1998ஆம் ஆண்டின் முதற் காலாண்டில் ஆயிரம் குழாய் நாட்களுக்கு 11.3 தொற்றுகள் பதிவாகியிருந்தன. சிறந்த வைத்தியர்களும் வேண்டிய உபகரணங்களும் நிறைந்த இடத்தில் இந்நிலை ஏன் என்பதை அங்கு பணியாற்றிய பீற்றர் புரோனோவோஸ்ட் என்ற வைத்தியர் ஆராய முற்பட்டார். தொற்றுத் தடுப்புக்கான வழிகாட்டி நூல்கள் இல்லாமலில்லை. ஆனால் அவை நூற்றுக்கணக்கான பக்கங்களில் விரிந்திருந்தன. அவற்றிலிருந்து மிகவும் பயன் தரும் ஐந்தினை மட்டும் தெரிந்தெடுத்து அவர் ஒரு தாளில் எழுதினார். கைகளைச் சுத்தம் செய்தல்; குழாய் செலுத்துகையில் தொப்பி, முகக்கவசம், கிருமி நீக்கிய அங்கி, கையுறை அணிந்து நோயாளியை முழுமையாகக் கிருமி நீக்கிய துணியால் மூடுதல்; தோலைக் குளோரெக்சிடின் கொண்டு சுத்தப்படுத்தல்; இயன்றவரை தொடை நாளத்தைத் தவிர்த்தல்; தேவையற்ற குழாயை உடனடியாக அகற்றுதல் என்பனவே அவ்வைந்துமாகும்.

இவற்றுள் எந்தவொரு வைத்தியருக்கும் தெரியாத விடயம் எதுவுமில்லை. எனினும், வைத்தியர்கள் குழாய் செலுத்துவதைத் தாதியர் ஒரு மாத காலம் கவனித்துப் பதிவு செய்தபோது, மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகமான நோயாளரில் ஏதேனும் ஒரு படிமுறையாவது தவறவிடப்பட்டமை வெளிச்சத்துக்கு வந்தது. அறியாமை இதற்குக் காரணமன்று. நள்ளிரவு நேர அவசரம், களைப்பு, பொருட்கள் பல இடங்களில் சிதறிக் கிடந்தமை, ஒரு தடவை தவறினால் உடனடியாக எதுவும் நிகழ்ந்துவிடாது என்ற எண்ணம் ஆகியவையே காரணங்கள். இன்று தவறவிடப்பட்ட படிமுறையின் விளைவு ஒரு வாரத்தின் பின்னரே காய்ச்சலாக வெளிப்படுகின்றது. அப்போது எவரது கை காரணமென்று கூற எவராலும் இயலாது.

எனவே மேலும் சில ஏற்பாடுகள் செய்யப்பட்டன. தேவையான பொருட்கள் யாவும் ஒரே தள்ளுவண்டியில் வைக்கப்பட்டன. ஒவ்வொரு நாளும் நோயாளியைப் பார்வையிடும்போது "இக்குழாய் இன்றும் தேவையா?" என்ற வினா எழுப்பப்பட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, படிமுறையொன்று தவறவிடப்படுமாயின் வைத்தியரைத் தடுத்து நிறுத்தும் அதிகாரம் தாதிக்கு வழங்கப்பட்டது. நிருவாகம் அதற்குப் பகிரங்கமாகத் துணைநின்றது. 2002ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் அப்பிரிவில் ஒரு தொற்றேனும் பதிவாகவில்லை. வருடமொன்றுக்கு 43 தொற்றுகளும் 8 மரணங்களும் தவிர்க்கப்பட்டிருக்கலாம் என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர்.

மிச்சிகனின் அனுபவம்

ஒரு புகழ்பெற்ற வைத்தியசாலையில் சாத்தியமானது வறிய நகரங்களின் வைத்தியசாலைகளிலும் சாத்தியமாகுமா என்ற வினா இயல்பாகவே எழுந்தது. 2003இல் மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இத்திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. வேலையின்மையால் நலிவுற்றிருந்த டெட்ரோயிட் நகரின் வைத்தியசாலைகளும் அதில் இணைந்திருந்தன. தொடக்கத்திலேயே ஓர் உண்மை புலனாயிற்று. குளோரெக்சிடின் அவசியம் என எல்லோரும் அறிந்திருந்தும், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான பிரிவுகளிலேயே அது கையிருப்பில் இருந்தது. அதனைப் பெற்றுக்கொடுப்பது வைத்தியரால் ஆகக்கூடிய காரியமன்று. நிருவாகியால் மட்டுமே ஆகக்கூடியது. ஆகவே ஒவ்வொரு பிரிவுக்கும் நிருவாக உயரதிகாரி ஒருவர் பொறுப்பாக நியமிக்கப்பட்டு, அவர் மாதந்தோறும் பிரிவுக்கு நேரில் சென்று குறைகளைக் கேட்டறியுமாறு பணிக்கப்பட்டார்.

இதன் பெறுபேறுகள் 2006ஆம் ஆண்டு டிசம்பரில் நியூ இங்கிலாந்து மருத்துவச் சஞ்சிகையில் வெளியாகின. 103 பிரிவுகளின் 375,757 குழாய் நாட்களுக்குரிய தரவுகள் ஆராயப்பட்டிருந்தன. ஆயிரம் குழாய் நாட்களுக்குச் சராசரியாக 7.7 ஆக இருந்த தொற்று வீதம் 16 முதல் 18 மாதங்களில் 1.4 ஆக வீழ்ச்சியடைந்தது. மூன்று மாதங்களிலேயே பாதிப் பிரிவுகளிலேனும் தொற்று முற்றாக இல்லாது போயிருந்தது. 2010இல் வெளியான தொடர் ஆய்வு, மூன்றாண்டுகள் கடந்த பின்னரும் அவ்வீதம் 1.1 ஆகத் தாழ்ந்தே இருந்ததைக் காட்டிற்று. பின்னர் அமெரிக்காவின் 44 மாநிலங்களில் ஆயிரத்துக்கும் அதிகமான தீவிர சிகிச்சைப் பிரிவுகளுக்கு இத்திட்டம் விரிவுபடுத்தப்பட்டபோது தொற்று ஏறத்தாழ 40 வீதத்தால் குறைந்தது.

நேர்மையான வாசிப்புக்கு மறுபக்கத்தையும் கூற வேண்டும். மிச்சிகன் ஆய்வில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தனிக் குழு இருக்கவில்லை. 2009 முதல் 2011 வரை இங்கிலாந்தில் இருநூறுக்கும் மேற்பட்ட பிரிவுகளில் அதே திட்டம் நடைமுறைப்படுத்தப்பட்டது. அங்கும் தொற்று வெகுவாகக் குறைந்தது. ஆனால் திட்டத்தில் இணைந்த பிரிவுகளிலும், இணைவதற்குக் காத்திருந்த பிரிவுகளிலும் அது ஒரே வேகத்தில் குறைந்து கொண்டிருந்தது. நாட்டளாவிய ரீதியில் ஏற்கெனவே தொடங்கியிருந்த முயற்சிகளே அதற்குக் காரணமாயிருக்கலாம் எனக் கருதப்பட்டது. மேலிடத்திலிருந்து திணிக்கப்பட்ட ஒன்றாகவே சில பிரிவுகளின் ஊழியர்கள் இத்திட்டத்தை நோக்கினர் என்பதும், தொற்றைக் கணக்கிடும் முறை பிரிவுக்குப் பிரிவு வேறுபட்டிருந்தது என்பதும் பின்னர் வெளியான ஆய்வுகளிலிருந்து தெரியவந்தது. இதிலிருந்து நாம் பெறும் பாடம் தெளிவானது. தாளை மட்டும் நகலெடுத்துச் சுவரில் ஒட்டுவதால் பயனில்லை. அத்தாளுக்குப் பின்னால் உள்ள அதிகாரப் பகிர்வும் நேர்மையான கணக்கெடுப்பும் கூடவே வந்தாக வேண்டும்.

ஒவ்வொரு படிமுறைக்குமான காரணம்

கைச் சுத்தத்தின் முக்கியத்துவத்தை 1847இலேயே வியன்னாவில் செம்மல்வைஸ் என்ற வைத்தியர் எடுத்துக்காட்டினார். பிரேத பரிசோதனை அறையிலிருந்து வந்த வைத்தியர்கள் தமது கைகளைக் குளோரின் கரைசலில் கழுவத் தொடங்கியதும் பிரசவ விடுதியில் தாய்மாரின் மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. இன்று அற்ககோல் கொண்ட கைத்தேய்ப்புத் திரவம் அப்பணியைச் சில வினாடிகளில் ஆற்றுகின்றது. எதனோல், கிளிசரின், சிறிதளவு ஐதரசன் பேரொட்சைட்டு, நீர் ஆகியவற்றைக் கொண்டு அதனை வைத்தியசாலை மருந்தகத்திலேயே தயாரிக்கும் முறையை உலக சுகாதார ஸ்தாபனம் வெளியிட்டுள்ளது.

தோலைச் சுத்தப்படுத்துவதில் எத்திரவம் சிறந்தது என்பது நீண்டகாலம் விவாதத்துக்குரியதாக இருந்தது. 1991இல் வெளியான ஆய்வொன்றில், குளோரெக்சிடின் பயன்படுத்தப்பட்ட நூறு குழாய்களில் 2.3இலும், அற்ககோலில் 7.1இலும், பொவிடோன் அயடினில் 9.3இலும் குழாய் சார்ந்த தொற்று காணப்பட்டது. 2015இல் வெளியான, பிரான்சில் நோயாளரிடையே நடத்தப்பட்ட ஆய்வும் அற்ககோல் கலந்த குளோரெக்சிடினே சிறந்தது என்பதை உறுதிப்படுத்தியது. திரவத்தைப் பூசிய பின்னர் அது தானாக உலரும் வரை காத்திருப்பது அவசியம். ஊதியோ துடைத்தோ உலர்த்துவது செய்த பணியைக் கெடுப்பதாகும்.

குழாய் செலுத்தும் இடத்தைத் தெரிவு செய்வதும் முக்கியமானது. 2015இல் வெளியான மற்றொரு ஆய்வு கழுத்து, காறை எலும்பின் கீழ்ப்பகுதி, தொடை ஆகிய மூன்று இடங்களையும் ஒப்பிட்டது. தொற்றும் குருதி உறைவும் சேர்ந்த சிக்கல்கள் காறை எலும்பின் கீழ் மிகக் குறைவாகவே இருந்தன. ஆயினும் அவ்விடத்தில் நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகும் ஆபத்துக் கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே நோயாளியின் நிலைமையையும் வைத்தியரின் பயிற்சியையும் கருத்திற் கொண்டே முடிவெடுக்க வேண்டும்.

சில நாட்களுக்கு ஒருமுறை குழாயை மாற்றிவிட்டால் தொற்றைத் தவிர்க்கலாம் என ஒரு காலத்தில் நம்பப்பட்டது. 1992இல் வெளியான ஆய்வு அந்நம்பிக்கையைத் தகர்த்தது. காரணமின்றி மூன்று நாட்களுக்கு ஒருமுறை மாற்றுவதால் தொற்று குறையவில்லை. மாறாக, புதிதாகச் செலுத்தும்போது ஏற்படும் காயங்களே அதிகரித்தன. தேவையெனின் இருக்கட்டும், தேவையில்லையெனின் உடனே அகற்றப்படட்டும் என்பதே இன்றைய நிலைப்பாடாகும். அகற்றப்பட்ட குழாயின் வழியாக எக்கிருமியும் நுழைவதில்லை.

பொருத்திய பின்னரும் பணி முடிவதில்லை

குழாய் பொருத்தும் அரை மணி நேரத்தில் கவனம் செலுத்திவிட்டு, பின்னர் வரும் பத்து நாட்களைக் கைவிடுவது பொதுவான குறைபாடாகும். மருந்து செலுத்தும் ஒவ்வொரு தடவையும் இணைப்பு வாயை அற்ககோல் பஞ்சினால் அழுத்தித் தேய்த்த பின்னரே திறக்க வேண்டும். மூடியிருக்கும் ஒளி ஊடுருவும் மென்படலத்தை ஏழு நாட்களுக்கு ஒருமுறையும், துணிக்கட்டாயின் இரண்டு நாட்களுக்கு ஒருமுறையும் மாற்ற வேண்டும். நனைந்தோ, தளர்ந்தோ, அழுக்கடைந்தோ காணப்பட்டால் நாட்கணக்குப் பாராது உடனடியாக மாற்ற வேண்டும். குருதியோ கொழுப்புத் திரவமோ சென்ற இணைப்புக் குழல்களை 24 மணித்தியாலங்களுக்குள் மாற்றிவிட வேண்டும். குளோரெக்சிடின் கொண்டு நோயாளியின் உடலை நாள்தோறும் துடைத்து விடுவதும், குளோரெக்சிடின் ஊட்டிய கட்டுகளைப் பயன்படுத்துவதும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பயன் தருபவையெனக் கண்டறியப்பட்டுள்ளன.

இவை யாவும் தாதியரின் கைகளில் தங்கியுள்ளன. ஒரு தாதி கவனிக்க வேண்டிய நோயாளரின் எண்ணிக்கை கூடும்போது இணைப்பு வாயைத் தேய்க்கும் அந்தச் சில வினாடிகளே முதலில் கைவிடப்படுகின்றன. கொவிட்-19 பெருந்தொற்றின்போது இது வெளிப்படையாகவே தெரிந்தது. பல்லாண்டுகளாகக் குறைந்து வந்த இத்தொற்று, 2020ஆம் ஆண்டின் இறுதிக் காலாண்டில் அமெரிக்காவில் முந்தைய ஆண்டின் அதே காலப்பகுதியைவிட ஏறத்தாழ 47 வீதத்தால் அதிகரித்தது. நூல்களிலிருந்த அறிவு குறைந்துவிடவில்லை. அதனைச் செயற்படுத்தும் கைகளும் நேரமுமே குறைந்திருந்தன.

எமது நிலைமை

வைத்தியசாலையில் சிகிச்சை பெறும் நூறு பேரில், செல்வந்த நாடுகளில் 7 பேரும் குறைந்த மற்றும் நடுத்தர வருமானமுடைய நாடுகளில் 15 பேரும் அங்கேயே ஏதேனுமொரு தொற்றுக்கு ஆளாகின்றனர் என உலக சுகாதார ஸ்தாபனம் 2022இல் அறிவித்தது. எமது நாடு இரண்டாவது வகையைச் சார்ந்தது. இலவச சுகாதார சேவையைக் கொண்டு தாய்-சேய் நலத்திலும் தடுப்பூசி வழங்கலிலும் நாம் அடைந்த வெற்றிகள் போற்றத்தக்கவை. எனினும், 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துகளுக்கும் சத்திரசிகிச்சைப் பொருட்களுக்கும் ஏற்பட்ட தட்டுப்பாட்டையும், அதனைத் தொடர்ந்து வைத்தியர்களும் தாதியர்களும் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறியமையையும் எவரும் மறந்துவிட முடியாது. கட்டில் இருந்தும் கவனிக்கக் கையில்லாத நிலை எங்கு தோன்றினாலும் அங்கு தொற்று தலைதூக்கும்.

வறுமையைக் காரணங்காட்டி இத்தொற்றை நாம் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. தொற்றைத் தடுப்பதற்கான பொருட்களின் விலை, தொற்றிய பின்னர் வழங்கப்படும் உயர்ரக நுண்ணுயிர்கொல்லிகளுக்கும் மேலதிகமாகத் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கழியும் நாட்களுக்கும் ஆகும் செலவில் மிகச் சிறிய பங்கேயாகும். வறிய நாட்டுக்கே தடுப்பு முறை மிகவும் அவசியமானது.

பணத்தைவிடப் பெரிய தடையொன்று எம்மிடையே உள்ளது. வைத்திய நிபுணரிடம் கனிஷ்ட வைத்தியர் பேசத் தயங்குகின்றார்; கனிஷ்ட வைத்தியரிடம் தாதி பேசத் தயங்குகின்றார்; தாதியிடம் சிற்றூழியர் பேசத் தயங்குகின்றார். இவ்வரிசையின் கடைசியில் நோயாளியின் உறவினர் நிற்கின்றார். மூத்தோரை மதித்தல் எமது பண்பாடு. அம்மதிப்பு, "சேர், கையுறை கட்டிலில் பட்டுவிட்டது, மாற்றிக்கொள்ளுங்கள்" என்று கூறுவதைத் தடுக்குமாயின் அதன் விலையை நோயாளியே செலுத்துகின்றார். சுட்டிக்காட்டியவர் தண்டிக்கப்பட மாட்டார் என்ற உறுதியை வைத்தியசாலைப் பணிப்பாளரும் வைத்திய நிபுணர்களும் வாய்மொழியாக மட்டுமன்றி நடைமுறையிலும் காட்ட வேண்டும். இதற்கு அரசாங்கச் சுற்றுநிருபத்தைக் காத்திருக்க வேண்டிய அவசியமில்லை. நாளைக் காலையிலேயே ஒரு விடுதியில் தொடங்கிவிடலாம்.

உறவினர்கள் செய்யக்கூடியவை

நோயாளியைப் பார்வையிடச் செல்வோர் உள்நுழையும்போதும் வெளியேறும்போதும் கைகளைச் சுத்தம் செய்ய வேண்டும். குழாயையோ கட்டையோ தொடுதல், தடிமன், காய்ச்சல் உள்ளவர்கள் உட்செல்லுதல், கூட்டமாகக் கட்டிலைச் சூழ்ந்து நிற்றல் என்பன தவிர்க்கப்பட வேண்டும். கழுத்திலுள்ள கட்டு நனைந்திருந்தாலோ பிரிந்திருந்தாலோ, குழாய் நுழையும் இடம் சிவந்திருந்தாலோ, நோயாளிக்குத் திடீரெனக் குளிர் நடுக்கம் ஏற்பட்டாலோ உடனடியாகத் தாதியிடம் தெரிவிக்க வேண்டும். "இந்தக் குழாய் இன்னும் தேவைதானா?" என்று பணிவுடன் வினவுவதற்கு எந்த உறவினருக்கும் உரிமையுண்டு. அவ்வினா குற்றச்சாட்டன்று, நல்ல வைத்தியர்கள் தமக்குத் தாமே நாள்தோறும் கேட்டுக்கொள்ளும் வினாவே அதுவாகும். தற்காலிகக் குழாயுடன் வீடு சென்று குருதிச் சுத்திகரிப்புக்கு மீண்டும் வரும் சிறுநீரக நோயாளர்கள், குளிக்கும்போது அவ்விடம் நனையாது பார்த்துக்கொள்வதுடன், காய்ச்சல் கண்டால் மறுநாள்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

அற்ககோல் கொண்ட கைத்தேய்ப்பைப் பயன்படுத்துவதில் முஸ்லிம் வாசகர்கள் சிலருக்குத் தயக்கம் இருக்கலாம். 2002ஆம் ஆண்டு மக்காவில் கூடிய உலக முஸ்லிம் லீக்கின் இஸ்லாமிய பிக்ஹு சபை, கிருமிகளை அழிப்பதற்காக உடலின் வெளிப்புறத்தில் அற்ககோலைப் பயன்படுத்த அனுமதியளித்துள்ளது. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கைச் சுகாதார வழிகாட்டியிலும் இத்தீர்மானம் எடுத்துக்காட்டப்பட்டுள்ளமை குறிப்பிடத்தக்கது.

இவ்விடத்தில் மொழி குறித்தும் ஒரு வார்த்தை கூறியாக வேண்டும். தமிழ் பேசும் நோயாளியின் உறவினருக்குப் புரியாத மொழியில் விளக்கம் கூறப்படும்போது அவரால் வினா எழுப்பவும் முடியாது, அறிகுறியை எடுத்துரைக்கவும் முடியாது. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் மும்மொழிகளிலும் எழுதப்பட்ட ஓர் அறிவித்தற் பலகையும், விளக்கம் கூறக்கூடிய ஒருவரும் இருப்பது சலுகையன்று. சிகிச்சையின் ஓர் அங்கமாகும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுகள் ஒவ்வொன்றும் தமது குழாய் நாட்களையும் தொற்றுகளையும் கணக்கிட்டு, அவ்வெண்ணிக்கையைப் பிரிவின் சுவரிலேயே ஊழியர் அனைவரும் காணும்படி எழுதிவைக்க வேண்டும் என்பது எமது வேண்டுகோளாகும். பொருட்கள் நிறைந்த ஒரு தள்ளுவண்டி, ஐந்து வரிகள் கொண்ட ஒரு தாள், ஒவ்வொரு காலையிலும் ஒரு வினா, தடுத்து நிறுத்தத் தாதிக்கு ஓர் அதிகாரம் ஆகிய நான்கினையும் வழங்குவதற்கு நாடு செல்வம் பெறும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. அவை வழங்கப்படுமாயின், வாசலில் காத்திருப்போரிற் சிலரேனும் தமது உறவினரை நடத்தியே வீட்டுக்கு அழைத்துச் செல்வர்.